கொடுக்காத தாள்

வீட்டில் அவளுக்குப் பெயர் போலீஸ். வைத்தது தங்கை. தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவரிடம் அடையாள அட்டை கேட்டு, அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "படத்துல மீசை இருக்கு, உங்களுக்கு இல்லையே?" என்று வாசலிலேயே விசாரணை நடத்தியவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? "இவளக் கட்டிக்கப் போறவன் கைரேகை வெச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள நுழையணும்" என்று அம்மா அங்கலாய்ப்பாள்.

ஆனால் அது பிறவிக் குணம் இல்லை. முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில், ஒரு நூலகத்துக்காக அவள் சுழல் படிக்கட்டு ஒன்றை வடிவமைத்தாள். நடுவில் தூணே இல்லாமல் நிற்கும் படிக்கட்டு. சோறு தண்ணீர் மறந்து போட்ட கணக்கு. அவளுடைய மேலாளர் அதை ஒரு மாநாட்டு மேடையில் படம் படமாகக் காட்டி, தனக்குக் காலை நடையில் தோன்றிய யோசனை என்றார். கூட்டம் கைதட்டியது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவளும் தட்டினாள். அவர் திருடியதைக்கூட ஒருநாள் மறந்துவிடலாம், தன் கை அவருக்குத் தட்டியதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. அடுத்த மாதமே வேலையை விட்டாள். சந்தேகம் மட்டும் அவளோடு புது அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்தது.

புது அலுவலகத்தில் அவளுக்குக் கிடைத்தது ஒரு நடைப்பாலம். ஊரின் பெரிய மருத்துவமனை சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டடம், அந்தப் பக்கம் ஒரு கட்டடம். அறுவை முடிந்தவர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து, லாரிகளுக்கு நடுவே கை காட்டிக் காட்டித் தள்ளிக்கொண்டு போவார்கள். அதற்குத்தான் மேலே ஓர் இரும்புப் பாலம். ஆரம்பம் முதல் கடைசி வரை அவளே போட்ட கணக்கு, அவளே வரைந்த வரைபடம். ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் 'வடிவமைத்தவர்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். இத்தனை வருடத்தில் அவள் வரைந்த எந்தத் தாளிலும் அந்தக் கட்டத்தில் அவள் பெயர் வந்ததில்லை. ஆய்வுக் குழு இந்தப் பாலத்தை ஏற்றுக்கொண்டால் வரும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கட்டம்தான்.

"குழுவுக்கு முன்னாடி அந்த ரெண்டு மேடம்கிட்டயும் ஒரு தடவ காட்டிடு" என்றார் தலைமைப் பொறியாளர். "பொண்ணுங்க டிசைன்னா அவங்க சும்மாவே பாத்துக் குடுப்பாங்க."

சும்மாவா? போலீசுக்கு மூக்கு வியர்த்தது. இந்தக் காலத்தில் யார் யாருக்குச் சும்மா செய்கிறார்கள்?

அந்த இரண்டு பேரைத் தெரியாதவர்கள் தொழிலில் கிடையாது. ஒருவர் பெரிய மேடம். ஆறுகளைக் கடக்கும் பாலங்களாகவே கட்டி, பாலத் துறையின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் கிரேன் அக்கா. வரைபடத்தில் இருக்கும் இரும்பை நிஜத்தில் தூக்கி நிறுத்துவதே அவர் வேலை. காற்றடிக்கும் உயரங்களில் நின்று கத்திக் கத்தியே குரல் கட்டையாகிப் போனவர். இருவரும் ஒரு நகலகத்துக்கு மேலே அறை பிடித்து, சனிக்கிழமைகளில் இளம் பெண் பொறியாளர்களின் வரைபடங்களைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

அறையில் இரண்டு மேசைகள், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு. தாள் சுருளாமலிருக்கக் கனமான போல்ட்டுகள். சுவரில் பாராட்டுப் பத்திரம், பொன்னாடைப் படம் என்று ஒன்றுமே இல்லை. இவ்வளவு பெரிய ஆட்கள் சுவரை ஏன் காலியாக வைத்திருக்கிறார்கள் என்று அதையும் ஒரு சந்தேகமாக மனதில் குறித்துக்கொண்டாள் நம் போலீஸ்.

கிரேன் அக்கா தாள்களை வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "மூலையில பேர் எழுதியிருக்கியா?" என்றார்.

"ஆபீஸ் பேர் இருக்கு மேடம்."

"ஆபீஸா வரைஞ்சுது? உன் பேர எழுது. பேனாவால எழுது. பேர் இல்லாத தாள நாங்க தொட மாட்டோம்."

குழு ஏற்பதற்கு முன் அந்தக் கட்டத்தில் பெயர் எழுதினால் ராசி கெட்டுவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். வேறு வழியில்லாமல் எழுதினாள். எழுதும்போதே புத்தி வேலை செய்தது. தப்பு ஏதாவது வந்தால் யார் தலையில் கட்டுவது என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் இந்தப் பெயர்.

"சரி, வெளிய போய் உக்காரு. கதவச் சாத்திக்க" என்றார் பெரிய மேடம், கண்ணாடியைத் துடைத்தபடி.

"நான் இருந்து விளக்கிச் சொல்றேனே மேடம்?"

"வேண்டாம்மா. நீ பக்கத்துல நின்னு சொன்னா, உன் கண்ணாலதான் நாங்களும் பாப்போம். உன் கண்ணு ஏற்கெனவே பாத்தாச்சு. அடுத்த சனிக்கிழமை வா."

அதுதான் அந்த அறையின் வழக்கமாம். வரைந்தவள் உள்ளே இருக்கக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் தன் உழைப்பு. அது அடுத்தவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவள் அவள். நல்ல வேளை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு காரியம் செய்திருந்தாள். பாலத்தின் உயிர்நாடி ஐந்தாவது தாளில் இருந்தது. பாலம் இரண்டு பாதியாக லாரியில் வரும். இரண்டையும் சாலையிலேயே நடுவில் சேர்க்க வேண்டும். பாலத்தின் அடியில் நீளமாக ஓடும் கீழ்ச் சட்டத்தைச் சேர்க்க அவள் கண்டுபிடித்த வழி, பட்டைகளும் ஓர் உருண்டைக் கம்பியுமாக, பெட்டிக்குத் தாழ்ப்பாள் போடுவதுபோல் சட்டென்று மாட்டிக்கொள்ளும். அந்தத் தாளை அவள் கொடுக்கவில்லை. அது தோள்பையில் சுருட்டி இருந்தது. அது இல்லாமல் இந்தப் பாலத்தைத் திருடி ஒன்றும் கிழிக்க முடியாது.

வெளியே படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு பெஞ்சு. அதில் கடைசி வருடம் படிக்கும் மாணவி ஒருத்தி பிஸ்கட் தின்றுகொண்டு, தன் முறைக்குக் காத்திருந்தாள்.

"உனக்குப் பயமா இல்லையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள் போலீஸ். "நம்ம டிராயிங்க அவங்க எடுத்துக்கிட்டா?"

மாணவி யோசித்தாள். "என் டிராயிங்கயா? போன தடவ அதப் பாத்துட்டு கிரேன் அக்கா தண்ணி குடிச்சாங்க. யாராவது எடுத்துக்கிட்டா எனக்குத்தான் நல்லது."

போலீஸ் கீழே இறங்கினாள். நகலகக்காரர் பெரிய இயந்திரத்தில் தாள் ஒன்றை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தாள். அவளுடைய பாலம்! பின்வாசல் படி வழியாக அதற்குள் கீழே வந்திருந்தது.

"இது யாருக்கு?"

"மேல மேடம் கேட்டாங்க. ரெண்டு செட்டு."

பார்த்துச் சொல்வதற்கு ஒன்று போதாதா? இரண்டாவது யாருக்கு?

புதன்கிழமை அதற்குப் பதில் கிடைத்துவிட்டதாகவே நினைத்தாள். பாலத்தின் தூண் வரும் இடத்தைப் பார்க்க மருத்துவமனைப் பக்கம் போயிருந்தாள். லாரிகளுக்கு நடுவே ஒரு ஸ்ட்ரெச்சர் போய்க்கொண்டிருந்தது. சாலையோரம் ஒரு கார் நின்றது. காரின் முன்மூடியில் ஒரு வரைபடம் விரித்திருந்தது. அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது கிரேன் அக்கா. மறுமுனையில் தொப்பையும் தொங்கு மீசையுமாக முன்பின் பார்த்தறியாத ஓர் ஆள். போலீஸ் மருந்துக்கடைப் பலகைக்குப் பின்னால் ஒளிந்தாள். பலகை சின்னது, அவள் அவ்வளவு சின்னதில்லை. இருமல் மருந்து வாங்க வந்தவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஆள் தாளைக் காட்டினார், சாலையைக் காட்டினார், தலையை ஆட்டினார். பிறகு ஃபோனை எடுத்து எதையோ படம் பிடித்தார். கிரேன் அக்கா சிரித்துக்கொண்டே அவர் தோளில் தட்டினார். விற்பனை முடிந்தது என்று போலீஸ் தீர்மானித்தாள். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. ஆண்பிள்ளை ஒருவன் செய்தபோது வந்தது கோபம். இப்போது வந்தது அது இல்லை. இவர்களும் இப்படியா என்ற வேதனை.

வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத் தங்கை, "என்ன போலீஸ், ஏதாவது கேஸ் மாட்டிச்சா?" என்றாள். போலீஸ் விஷயத்தைச் சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "நேரா கேட்டுரு. ரெண்டும் என் வயசுக்கு மேல. உன் பாலத்தத் தூக்கிட்டு எங்க ஓடிருவாங்க?" என்றாள்.

"கேட்டா ஒத்துக்குவாங்களாம்மா?"

"ஒத்துக்க வேண்டாம். கேட்ட திருப்தியாவது உனக்கு இருக்கும்ல? போன தடவ கேக்காம வந்துதான இன்னும் புழுங்கிட்டு இருக்க?"

சனிக்கிழமை அவள் படியேறியபோது, பேச வேண்டியதை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினாள். மாணவி அதே பெஞ்சில் இருந்தாள், வேறு பிஸ்கட்டோடு. போலீஸ் கதவைத் தட்டவில்லை, தள்ளினாள்.

இரண்டு மேசைகளிலும் அவள் பாலம் விரிந்து கிடந்தது. மேசைக்கு ஒரு பிரதி.

"என் டிராயிங்க யாருக்கு வித்தீங்க?"

ஒத்திகை பார்த்தது மரியாதையான ஒரு வாக்கியம். வந்தது இதுதான். பெரிய மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கிரேன் அக்கா பேனாவுக்கு மூடி போட்டார்.

"ஓ, மருந்துக்கடை போர்டுக்குப் பின்னாடி நின்னது நீதானா? யாரோ மருந்து வாங்கக் காசில்லாம ஒளிஞ்சு நிக்குதுன்னு நெனச்சேன்."

"சிரிக்காதீங்க மேடம். ரெண்டு காப்பி எடுத்தீங்க. ஒண்ண அந்தாள்கிட்ட காட்டினீங்க. அவர் படம் பிடிச்சத நான் என் கண்ணால பாத்தேன்."

"அவர் படம் பிடிச்சது மேல போற கரண்டுக் கம்பிய" என்றார் கிரேன் அக்கா. "இந்த ஊர்ல உன் பாலத்தத் தூக்கற அளவுக்கு கிரேன் வெச்சிருக்கறது அவர் ஒருத்தர்தான். வண்டிய எங்க நிறுத்துவீங்க, எங்க கயிறு கட்டுவீங்கன்னு கேக்கப் போனேன். ரெண்டு காப்பி எடுத்தது எங்க ரெண்டு பேருக்கு. ஒருத்தர் போட்ட வட்டத்த இன்னொருத்தர் பாக்கக் கூடாது. பாத்தா அங்கயேதான் கண்ணு போகும்."

ஆனாலும் போலீஸ் விடவில்லை. "இத நான் எப்படி நம்பறது?"

"நம்பாத" என்றார் பெரிய மேடம். குரலில் கோபமே இல்லை. "எங்க வேலையும் நம்பாம இருக்கறதுதான். ஒரு வாரமா உன் பாலத்த நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம்கூட நம்பல. இங்க வா. ரெண்டு மேசையையும் நீயே பாரு."

பார்த்தாள். இரண்டு பிரதியிலும் சின்னச் சின்னக் குறிகள் வேறு வேறு இடங்களில் இருந்தன. ஒரே ஒரு பெரிய சிவப்பு வட்டம் மட்டும் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. கீழ்ச் சட்டத்தின் நடுவில்.

"இது ஏன் மெல்லிசா இருக்கு?" என்றார் கிரேன் அக்கா.

"கீழ்ச் சட்டத்துல இழுவைதான மேடம் வரும். இழுக்கறதுக்கு மெல்லிசு போதும். கணக்கு சரியாத்தான் இருக்கு."

"கணக்கு சரிதான். பாலம் ரெண்டு தூண் மேல உக்காந்த பெறகு சரி. அதுக்கு முன்னாடி?"

"முன்னாடின்னா?"

"தூக்கும்போது. சாலைய கொஞ்ச நேரம்தான் மூடுவாங்க. முழுசா ஒரே தூக்கு. மேல கரண்டுக் கம்பி இருக்கறதால கயிற அகலமா போட முடியாது, ரெண்டு கயிறையும் நடுவுக்குப் பக்கத்துலயேதான் கட்டணும்னு அவர் சொல்றார். நடுவுல தூக்கினா ரெண்டு முனையும் என்னாகும்?"

அவள் மனதுக்குள் பாலத்தை நடுவில் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். முனைகள் தொங்கும். தொங்கினால் மேல்பக்கம் இழுபடும், கீழ்பக்கம் அமுங்கும். இழுவைக்கென்று மெலிதாக வைத்த சட்டம் அமுக்கத்தில் வளைந்து மடங்கும். சாலைக்கு மேலே, கிரேனில் தொங்கும்போதே, கீழே கயிறு பிடித்து நிற்கும் ஆட்களின் தலைக்கு மேலேயே. இத்தனை மாதம் அவள் அந்தப் பாலத்தை நிற்க வைத்தே பார்த்திருக்கிறாள். அது நிற்பதற்கு முன் ஒரு தடவை தொங்க வேண்டும் என்பது அவள் புத்தியில் ஏறவே இல்லை. சந்தேகப்படுவதில் ஊரையே வென்றவள், தன் கணக்கை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை.

நாற்காலி எங்கே என்று பார்க்காமலே உட்கார்ந்தாள். "தூக்கறது காண்ட்ராக்டர் பொறுப்பு..." என்று ஈனஸ்வரத்தில் சொல்லிப் பார்த்தாள்.

"அவர் உன் டிராயிங்கப் பாத்துத்தான் தூக்குவார். எங்க கட்டணும்னு அதுல நீ ஒரு புள்ளிகூட வைக்கல. விழுந்தா ஒரு பாலம் விழுந்ததுன்னு பேச மாட்டாங்க. பொம்பளை கட்டின பாலம் விழுந்ததுன்னு பேசுவாங்க. அப்பறம் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கே ஒண்ணு, அதுக்கு வேலை கிடைக்காது. அதுக்குத்தான் பாக்கறோம், ஏதோ தியாகம் பண்றோம்னு நெனச்சுக்காத" என்றார் கிரேன் அக்கா.

"சரி பண்ண முடியுமா மேடம்? திங்கக்கிழமை குழு."

கிரேன் அக்கா பெரிய மேடத்தைப் பார்த்தார். பெரிய மேடம் நான்கு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"சட்டத்த தடியாக்கிரலாம். அது பெருசில்ல. ஆனா நடுவுல சேக்கற எடம் அமுக்கத்தத் தாங்குமான்னு பாக்காம எதுவும் சொல்ல முடியாது. அந்தத் தாள் எங்ககிட்ட இல்லியே."

"அது இன்னும் முடியல மேடம்" என்றாள். பொய் தானாகவே வந்தது.

பெரிய மேடம் முதல் தாளின் மூலையில் விரல் வைத்தார். அவள் பெயருக்கு மேலே, அவளே அச்சிட்ட தாள் எண். ஐந்தில் ஒன்று. அடுத்த தாளைப் புரட்டினார். ஐந்தில் இரண்டு. மூன்று. நான்கு. அதற்குமேல் புரட்டுவதற்குத் தாள் இல்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. போலீஸ் என்று பெயர். தடயத்தைத் தன் கையாலேயே நான்கு இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"மொத நாளே தெரியுமா மேடம்?"

"நீ படியிறங்கறதுக்குள்ளயே தெரியும்."

"அப்பறம் ஏன் கேக்கல?"

"குடுக்காதவங்ககிட்ட புடுங்கற பழக்கம் எங்களுக்கு இல்ல" என்றார் பெரிய மேடம். "உன்கிட்ட யாரோ ஏற்கெனவே புடுங்கியிருக்காங்க. அது யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். அந்தத் தாள குடுக்கறதும் குடுக்காததும் உன் இஷ்டம். பாக்காம குழுவுக்குக் கொண்டுபோனா யாரும் கண்டுபிடிக்காமக்கூடப் போகலாம். உன் பேர் கட்டத்துல வந்துரும்."

கீழே நகல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. இந்த இணைப்பு அவள் உயிர். மற்ற நான்கு தாளையும் யார் வேண்டுமானாலும் வரையலாம், இதை அவள் மட்டும்தான். கொடுத்தபின் கதவு மூடும். மூடிய கதவுக்குள் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? கிரேன்காரர், கரண்டுக் கம்பி, எல்லாம் இவர்கள் சொன்னதுதானே? இன்னும் அவளால் முழுசாக நம்ப முடியவில்லை. அது உண்மை.

ஆனால் ஸ்ட்ரெச்சரில் படுத்து மேலே பார்த்தபடி லாரிகளுக்கு நடுவே போன ஒரு முகத்தை அவள் புதன்கிழமை பார்த்திருந்தாள். அந்தச் சட்டம் மடங்கினால் என்ன ஆகும் என்பதும் இப்போது தெரியும். இதை இனி யாரும் தெரியாததாக்க முடியாது.

தோள்பையைத் திறந்தாள். சுருட்டிய தாளை எடுத்து மேசையில் விரித்தாள். சுருண்டு சுருண்டு எழுந்தது, கிரேன் அக்கா ஒரு போல்ட்டை நகர்த்திக் கொடுத்தார். தாளைத் தொடவில்லை. பெரிய மேடமும் தொடவில்லை. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஏன் நிற்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு கீழ் மூலையைப் பார்த்தாள். கட்டம் காலியாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தன் பெயரைத் திருடுவார்கள் என்று ஒரு வாரமாக அவள் வேவு பார்த்த இரண்டு பேர், தன் பெயர் இல்லாத தாளைத் தொடாமல் நிற்கிறார்கள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பேனாவை எடுத்து, கட்டத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக, தன் பெயரை எழுதினாள்.

"மை காயட்டும்" என்றார் கிரேன் அக்கா. "அப்பறம் வெளிய போய் உக்காரு. இன்னிக்கே பாத்துருவோம்."

வெளியே வந்து கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். தாழ் சரியாக விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள், பழக்கம் போகுமா? மாணவி நகர்ந்து இடம் கொடுத்து, பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினாள்.

"என்னக்கா, எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்ல" என்றாள். "நானேதான் குடுத்துட்டு வந்தேன்."